முதலாளி வீட்டு முதல் துளி

இரத்ததான முகாமுக்காகக் கட்டிய பதாகையில் சிவப்பாக ஒரு துளி வரைந்திருந்தார்கள். அது செல்லச்சாமியின் மூக்கைவிடச் சற்றுச் சிறியது. மிச்ச இடமெல்லாம் செல்லச்சாமி.

“சமூகதீபம், தேசநேசன், அகில இலங்கை சமாதான நீதவான் எஸ். செல்லச்சாமி அவர்களின் அறுபத்தைந்தாவது அகவையை முன்னிட்டு” என்று மேலே போட்டிருந்தது. உயிர் காப்பது பற்றிய வரி கீழே, குளியலறைக் குழாய்களுக்கான விளம்பரத்துக்கு அடுத்ததாக வந்தது. கண்டி நகரத்தில் கொமட்டும் குழாயும் விற்கிற ஒருவருக்கு இத்தனை பட்டம் எப்படி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சமூகதீபம் பட்டத்தை வழங்கிய சங்கத்துக்கு அவரே பொருளாளர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முகாமுக்குப் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அன்றைக்குக் கடை எப்படியும் பூட்டு.

அந்தப் போயா காலையில், குண்டசாலை வீட்டின் மேல்மாடிக் குளியலறை நெடுநேரமாகப் பூட்டியே கிடந்தது. உள்ளே மருமகள் றஞ்சனா, இத்தாலி மாபிள் பதித்த சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் அவள் தான் வேலை செய்யும் அரசாங்கக் கச்சேரியின் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்ததையும், கூட வேலை செய்கிறவர்கள் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டதையும், மாமியார் இராஜேஸ்வரி அதற்கு “வெயில்” என்று காரணம் கண்டுபிடித்ததையும் பார்த்தோம். அன்று கண்டியில் விடியற்காலையிலிருந்து மழை.

ஒரு வருஷமாக இப்படித்தான். மாதாமாதம் வருவது, வந்தால் போவதில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பேட், அதற்கு மேல் கறுப்புச் சேலை, அலுவலகக் கதிரையில் மடித்துப் போட்ட துவாய். கட்டி கட்டியாகப் போகும். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு நோவு. எழுந்தால் தலை சுற்றும், உட்கார்ந்தால் சேலையைப் பற்றிய பயம்.

வைத்தியம் பார்க்கவில்லை என்று அந்த வீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. போன மாதம் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி, ஒரு விசேட வைத்திய நிபுணரைச் சனல் பண்ணிக் காட்டினார்கள். இராஜேஸ்வரியும் கூடப் போனாள். அந்த வீட்டு முறைப்படி மருமகளுக்கு வருத்தம் வந்தால் டொக்டருக்கு முன்னால் உள்ள கதிரையில் மாமியார் உட்காருவார். மருமகளுக்குப் பக்கத்து ஸ்டூல். டொக்டர் மருமகளைப் பார்த்துக் கேட்பார், மாமியார் பதில் சொல்வார்.

“கூடுதலாப் போகுதா?”

“எல்லாருக்கும் போற மாதிரித்தான் டொக்டர். இது கொஞ்சம் சொகுசா வளந்த புள்ள.”

“வலி கடுமையா?”

“யாழ்ப்பாணத்து ஆளுங்க. சின்னதையும் பெருசா சொல்லுவாங்க.”

“லூப் ஏதும் போட்டிருக்கா?”

“சேச்சே. எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் இல்ல. பேரனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்.”

வெளியே நடைபாதை நிறையச் சனம். டொக்டர் இரும்புச்சத்துக் குளிசையும் வலிக் குளிசையும் எழுதி, தேவைப்பட்டால் பிறகு ஸ்கேன் பார்க்கலாம் என்றார். தேவைப்படாது என்று இராஜேஸ்வரி வாசலிலேயே தீர்மானித்துவிட்டாள்.

லூப் இருந்தது.

கருத்தடைக்காக, மகள் பிறந்த மறு வருஷம் போட்டது. கூட்டிக்கொண்டு போனவன் கணவன் ஜனகன். இன்னொரு பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான். “அம்மாட்ட நான் சொல்றேன் றஞ்சி, நேரம் பார்த்து” என்றான். நேரம் பார்க்கத் தொடங்கி ஐந்து வருஷமாகிறது.

அவள் தனியே போய்க் காட்டலாம்தான். சொந்தச் சம்பளம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் லூப் தெரியும். தெரிந்த பிறகு அதை வீட்டில் ஒருவர் சொல்லியாக வேண்டும். சொல்கிற வேலை ஜனகனுடையது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அந்தப் பிடிவாதத்தில் பாதி கோபம், பாதி பயம்.

கதவு தட்டப்பட்டது.

“உள்ள என்னா நடக்குது, கும்பாபிஷேகமா?” இராஜேஸ்வரியின் குரல்.

“வாறன் மாமி.”

“அத்தைன்னு சொல்லு. கலியாணம் ஆன நாள்லருந்து சொல்றேன்.”

“வாறன்.”

கீழே சாப்பாட்டு மேசையில் செல்லச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்து தன் பேச்சைத் தனக்கே வாசித்துக்கொண்டிருந்தார். ஜனகன் இடியப்பத்தை நூல் நூலாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தங்கை பிரேமிளா முகாமை முகநூலில் நேரலை போடுவதற்காகத் தன் முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

“ஒரு யோசனை வந்திருக்கு” என்றார் செல்லச்சாமி. “முதல் துளி நம்ம குடும்பத்து ரத்தமா இருக்கணும். பத்திரிகைக்காரங்க அதத்தான் கேப்பாங்க.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது அவருக்கே அப்போதுதான் நினைவு வந்தது. ஜனகன் கோழி வெட்டுகிற கடைப் பக்கம் போனாலே மயங்கி விழுகிறவன். பிரேமிளாவுக்கு எடை போதாது. ஆறு வருஷமாக ஐம்பத்தைந்து வயதிலேயே நின்ற இராஜேஸ்வரி, அறுபது தாண்டினால் இரத்தம் எடுக்கமாட்டார்கள் என்று அன்று காலை மனமுவந்து அறுபத்தொன்றை ஒப்புக்கொண்டாள்.

“அப்ப றஞ்சனாம்மாதான்” என்றார் செல்லச்சாமி. “படத்துக்கும் பொம்பளப் புள்ளன்னா எடுப்பா இருக்கும்.”

“மாமா, எனக்கு இண்டைக்கு மூண்டாம் நாள்” என்றாள் றஞ்சனா. “நிக்கவே ஏலாமல் கிடக்கு.”

செல்லச்சாமி கூரையைப் பார்த்தார். கடைக்கு வருகிற எவருக்கும் கொமட்டின் மூடியைத் திறந்து மூடித் தண்ணீர் போகிற வேகத்தைக் காட்டுகிறவர்தான். பெண்களின் இந்த ஒரு விஷயம் மட்டும் அவர் காதில் விழாது.

“ஆம்பளைங்க முன்னால பேசுற பேச்சா இது?” என்றாள் இராஜேஸ்வரி.

“கேட்டது மாமா. அதான் மாமாவுக்குச் சொன்னனான்.”

பிரேமிளா கைபேசியிலிருந்து கண் எடுக்கவில்லை. “அண்ணிக்கு ஃபங்ஷன் நாளாப் பார்த்துத்தான் எல்லாம் வரும்.”

“ஓம். உங்கட அப்பான்ர கலண்டரைப் பார்த்துத்தான் வருது.”

“அப்பா, வேற யாரையாச்சும்...” என்று தொடங்கினான் ஜனகன்.

“யார? பெனர்ல குடும்பம்னு போட்டாச்சு. கடைப் பையன்களையா குடும்பம்னு காட்டச் சொல்ற?” செல்லச்சாமி குரலை இறக்கினார். “ஊசி கூட வேணாம்மா. கட்டில்ல படு, ஒரு படம் எடுப்பாங்க, எந்திரிச்சிரு. முடிஞ்சுது.”

றஞ்சனா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்க டொக்டர் வருவாவோ மாமா?”

“வராம? இரத்த வங்கிலருந்து ஸ்டாஃபே வராங்க.”

“அப்ப சரி. வாறன்.”

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிற மருமகளை அந்த வீடு அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தேகப்படுவதற்கு நேரமில்லாமல் எல்லோருக்கும் அலங்காரம் பாக்கி இருந்தது.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தபோது, காரின் பின் சீற்றில் றஞ்சனாவின் இடத்தில் இராஜேஸ்வரி பத்திரிகைத் தாளை விரித்து வைத்திருந்தாள்.

“சீட் கவர் புதுசு” என்றாள்.

விரித்த பக்கத்தில் அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் ஒன்று இருந்தது. மாலையும் கும்பிட்ட கையுமாகச் செல்லச்சாமி சிரித்துக்கொண்டிருந்தார். இராஜேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. றஞ்சனா கவனித்தாள். கவனித்து, நன்றாக அமர்ந்தாள்.

மண்டபத்தில் கட்டில்கள் விரித்து, ஊசிகள் எடுத்து, வெள்ளைச் சீருடைக்காரர்கள் எப்போதோ தயாராகியிருந்தார்கள். இரத்தம் கொடுக்க வந்தவர்களும் வரிசையில் இருந்தார்கள். ஆனால் செல்லச்சாமியின் சேவைகளைப் பற்றி நான்கு பேர் பேசவேண்டியிருந்தது. நான்காமவர், செல்லச்சாமி அவர்களின் உடலில் ஓடுவது இரத்தமல்ல, சமூக உணர்வு என்றார். பக்கத்தில் நின்ற தாதி அதை விளங்கிக்கொண்டிருந்தால் அவருக்கும் ஒரு பரிசோதனை வைத்திருப்பாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது.

ஒரு வழியாக அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இதோ, முதல் துளி. முதலாளி அவர்களின் அன்பு மருமகள் திருமதி றஞ்சனா ஜனகன் அவர்கள் முன்வந்திருக்கிறார்கள்.”

றஞ்சனா கட்டிலுக்குப் போகத் தாதி விடவில்லை. “முதல்ல டெஸ்ட்.”

“மிஸ், சும்மா படத்துக்குத்தான்” என்றார் செல்லச்சாமி.

“டெஸ்ட் இல்லாம கட்டில் இல்ல மாத்தயா.”

தாதி றஞ்சனாவின் விரலில் குத்தினாள். குழாயில் எடுத்த இரத்தத்தை நீலத் தண்ணீர் இருந்த கண்ணாடிக் குவளையில் ஒரு சொட்டு விட்டாள். தேவையான சத்து இருந்தால் அந்தச் சொட்டு கீழே தாழ வேண்டும்.

தாழவில்லை. சின்னச் சிவப்புப் பொத்தான் மாதிரி மேலேயே நின்றது.

தாதி குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு மண்டபத்தின் மூலையைப் பார்த்து, “டொக்டர், மேக்க பாவெனவா” என்றாள் சிங்களத்தில்.

மிதக்கிறதாம். சிங்களம் தெரிந்த அறிவிப்பாளர் அதை உடனே பிடித்துக்கொண்டார். மிதப்பது நல்லதென்றே அவர் எடுத்துக்கொண்டார். தாழ்வதை யார் பாராட்டுவார்கள்?

“மிதக்கிறது, அன்பர்களே. முதலாளி இல்லத்தின் இரத்தம் மிதந்துகொண்டிருக்கிறது. பலத்த கரகோஷம்.”

கரகோஷம் எழுந்தது. செல்லச்சாமி எழுந்து கும்பிட்டார். பிரேமிளா குவளைக்குக் கிட்டப் போய் நேரலையில் காட்டினாள். அடுத்து வந்த முச்சக்கர வண்டிக்காரரின் சொட்டு நேராகக் கீழே போனது. அறிவிப்பாளர் அவருக்காக ஒலிவாங்கியில் வருத்தப்பட்டார்.

டொக்டர் அஸீமா மூலையிலிருந்து எழுந்து வந்தாள். திகனப் பக்கத்துக்காரி, நடுத்தர வயது, வெள்ளை முக்காடு; அவள் பேச்சில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கு’ ஆகும். கைதட்டலைக் கேட்டு ஒரு முறை சனத்தைப் பார்த்தாள். பிறகு றஞ்சனாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சின்ன மெஷினில் இன்னொரு சொட்டு வைத்தாள். மெஷின் காட்டிய எண்ணைத் தாதிக்கு மட்டும் காட்டிவிட்டு, “உள்ளுக்கு வாங்க” என்றாள்.

உள் என்பது மண்டபத்தின் மூலையில் கம்பிகளில் துணி கட்டிய ஒரு தடுப்பு. அங்கே ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு ஸ்டூல். இராஜேஸ்வரி பின்னாலேயே வந்து கதிரையில் உட்கார்ந்தாள். றஞ்சனாவுக்கு ஸ்டூல் மிஞ்சியது. ஜனகன் தடுப்புத் துணிக்குப் பக்கத்தில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றான்.

“இவங்களுக்கு ரத்தம் குடுக்க ஏலாது” என்றாள் டொக்டர். “இவங்களுக்குத்தான் ரத்தம் ஏத்தணும். இண்டைக்கே.”

“மெதுவாப் பேசுங்க டொக்டர். மைக் பக்கத்துலதான் இருக்கு” என்றாள் இராஜேஸ்வரி. “காலைல சரியாச் சாப்பிடல. அதான் அப்படிக் காட்டுது.”

“ஒரு வேள சாப்பிடாட்டி இப்பிடிக் கொறையாது. மாசா மாசம் கூடுதலாப் போகுதா?”

“அது எல்லாருக்கும் போற...”

“நான் இவங்கள்ட்ட கேட்டேன்.”

இராஜேஸ்வரி வாயை மூடினாள். வாழ்க்கையில் இது அவளுக்குப் புது அனுபவம் என்பது மூடிய விதத்திலேயே தெரிந்தது.

“போகுது டொக்டர்” என்றாள் றஞ்சனா. “பெரிய பேட் ரெண்டு வச்சாலும் நிக்காது. கட்டி கட்டியா விழும். ராவில எழும்பி எழும்பி மாத்தோணும். ஒரு கிழமைக்கு மேல இழுக்கும். நோவெண்டால், கச்சேரியில பைல் அறைக்குள்ள கதவைச் சாத்திப்போட்டுக் குந்தியிருக்கிறனான்.”

“நாங்களும்தான் பொம்பளையாப் பொறந்தோம்” என்றாள் இராஜேஸ்வரி தடுப்புத் துணியைப் பார்த்து. “இதுக்கு ஊரக் கூட்டல.”

“ஊரைக் கூட்டினது மாமா. பெனரும் அவர்தான் கட்டினவர்.”

டொக்டர் அஸீமா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

“இது ஏன் டொக்டர் இப்பிடி?” றஞ்சனா கேட்டாள்.

“பாக்காமச் சொல்ல ஏலாது. கருப்பைல சதைக்கட்டி வளந்தீக்கலாம், ஃபைப்ரொய்ட் எண்டு. அது அனேகமாப் புத்துநோய் இல்ல, பயப்படத் தேவல்ல. கருப்பைக்கு உள்பக்கத்துப் படை, இருக்க வேண்டிய எடத்த விட்டு அந்தச் சதைக்குள்ளயே வளந்தாலும் இப்பிடி நோவும் ரத்தமும் ஒண்டா வரும். தைரொய்ட் கொழம்பினாலும் வரும். செல பேருக்குப் பொறப்பிலேயே ரத்தம் லேசுல உறையாது. ஒவ்வொண்டுக்கும் மருந்து வேற. அதனாலதான் ஸ்கேன் பண்ணணும், ரத்தம் சோதிக்கணும்.”

“கடைசில கர்ப்பப்பைய எடுத்துருவீங்க” என்றாள் இராஜேஸ்வரி. “எல்லாம் அதுக்குத்தான். எனக்குப் பேரன் வேணும்.”

“எடுக்கிறது கடைசி வழி உம்மா. அதுக்கு முந்தி எத்தனையோ ஈக்கு. போக்கக் கொறைக்கிற குளிசை ஈக்கு, ஹோர்மோன் மருந்து ஈக்கு, கட்டிய மட்டும் எடுக்கலாம். ஆனா மருமகளுக்கு இந்த ரத்தத்தோட மயக்கம் வந்து படியில விழுந்தா, பேரனப் பத்தி யாரோட பேசுவீங்க?”

வெளியே கைதட்டல். யாரோ ஒருவருக்குப் பொன்னாடை.

டொக்டர் பேனாவைத் தாளில் வைத்தாள். “இன்னொண்டு. லூப் ஏதும் போட்டீக்கா?”

“இல்ல” என்றாள் இராஜேஸ்வரி உடனே. “போன டொக்டர்ட்டயே சொல்லிட்டேன்.”

இந்த முறை டொக்டர் அவளைத் தடுக்கவில்லை. கேள்வி சாதாரணமானது, பதில் உறுதியாக வந்தது. பேனா எழுதத் தொடங்கியது.

றஞ்சனா ஜனகனைப் பார்த்தாள். இதைவிட நல்ல நேரம் இனி வராது. டொக்டர் இருக்கிறாள், அம்மா இருக்கிறாள், வெளியே மைக் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. ஜனகன் தடுப்புத் துணியைத் தாங்கிய கம்பியின் அடிப்பாகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாய்க் கடைக்காரனின் மகன். கம்பி எவ்வளவு தடிப்பம் என்று பார்க்கிறான் போல.

பேனா அந்த வரியின் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

“இருக்கு டொக்டர்” என்றாள் றஞ்சனா. “லூப் போட்டிருக்கு.”

பேனா நின்றது. எழுதியதைக் குறுக்கே வெட்டும் சத்தம் கேட்டது.

“எப்ப?”

“மகளுக்கு ஒரு வயசில.”

“செம்பு லூப்?”

“ஓம்.”

“போட்ட நேரத்திலேயே இப்பிடிப் போனதா?”

“இல்ல. அப்ப கொஞ்சம் கூடினதுதான், தாங்கக்கூடிய மாதிரி. இப்பிடி ஒரு வருஷமாத்தான்.”

“அப்ப லூப் மட்டும் காரணம் எண்டு சொல்ல ஏலாது. வேற என்னமோ சேந்தீக்கு. லூப் எடம் மாறியும் ஈக்கலாம். எதுக்கும் உடனே பாக்கணும்.” டொக்டர் எழுதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “போன டொக்டருக்கு இது தெரிஞ்சீந்தா அண்டைக்கே ஸ்கேன் எடுத்தீப்பாங்க. ஒரு மாசம் வீணாப் போச்சு.”

இராஜேஸ்வரி கதிரையில் அப்படியே இருந்தாள். கோபம் அவளிடம் வழக்கமாகச் சத்தத்தோடுதான் வரும். இந்த முறை சத்தம் பின்தங்கிவிட்டது.

“எத்தன கோயில் ஏறினேன்” என்றாள். “இந்த முழங்கால வச்சுக்கிட்டு. ஒவ்வொரு படியா. பேரன் வேணும், பேரன் வேணும்னு. நீ பூட்டப் போட்டுட்டு, பக்கத்துலயே நின்னு அர்ச்சனைத் தட்டத்தத் தூக்கிக்கிட்டு வந்த.”

“ஏறச்சொல்லி நான் கேக்கேல்ல மாமி.”

மாமி என்றதை இராஜேஸ்வரி திருத்தவில்லை. மகன் பக்கம் திரும்பினாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

அறிவிப்பாளர் வெளியே, கணவனுக்கேற்ற மனைவி, மாமிக்கேற்ற மருமகள் என்று இந்தக் குடும்பத்தின் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“தெரியாதும்மா” என்றான் ஜனகன்.

ஐந்து வருஷமாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், இதைச் சொல்வதற்கு மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

டொக்டர் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு றஞ்சனாவைப் பார்த்தாள். குனிந்து ஆஸ்பத்திரிக்கான கடிதத்தை முடித்தாள்.

றஞ்சனாவுக்கு அழுகை வரும் என்று ஜனகன் எதிர்பார்த்திருக்கலாம். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

“நல்லது. ஒண்டும் தெரியாத ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னத்தைச் சொல்லுறது. நீங்கள் இஞ்சயே நில்லுங்கோ.”

“றஞ்சி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்...”

“வீட்டில பேசத்தான் ஐஞ்சு வருஷம் தந்தனான்.”

இந்த இடத்தில் செல்லச்சாமி உள்ளே வந்தார். தோளில் பொன்னாடை. மனைவி முகம், மகன் முகம், டொக்டர் கையில் கடிதம். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து, நிலைமையின் பாரதூரத்தை உணர்ந்தார்.

“முன் வாசல்ல பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க” என்றார். “எதுவானாலும் பின்பக்கத்தால போங்க.”

“இவங்க இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்” என்றாள் டொக்டர். “வாகனம் ஈக்கா?”

“கார் இருக்கு. ஆனா பிரதம விருந்தினரக் கொண்டுபோய் விடணும். வாக்குக் குடுத்துட்டேன்.”

“அம்புலன்ஸ் எடுக்கவா?”

“மண்டபத்துக்கா? இன்னைக்கா?” செல்லச்சாமி பொன்னாடையை இழுத்துப் பிடித்தார். “டொக்டர், ரத்ததான முகாம்ல அம்புலன்ஸ் வந்தா ஜனம் என்னா நெனைக்கும்?”

“த்ரீவீல்ல போறன் டொக்டர்” என்றாள் றஞ்சனா. “பக்கத்திலதானே.”

“தனிய விடமாட்டேன். யாராச்சும் ஒராள் கூடப் போகணும்.”

ஒருவரும் அசையவில்லை. இராஜேஸ்வரி தன் முழங்காலைத் தடவினாள். செல்லச்சாமிக்கு நன்றியுரை இருந்தது. ஜனகன் ஒரு எட்டு வைத்தான். இராஜேஸ்வரி பார்த்த பார்வையில் அந்த எட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

“நான் போறேன்.”

பிரேமிளா தடுப்புத் துணியை விலக்கிக்கொண்டு நின்றாள். கைபேசி இருட்டாயிருந்தது. எப்போது நேரலையை நிறுத்தினாள், எவ்வளவு கேட்டாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

“நீ எதுக்கு?” என்றாள் இராஜேஸ்வரி. “ஒன்னயப் பாக்க ஞாயித்துக்கெழம கொழும்புலருந்து வராங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எவன் கண்ணுலயாச்சும் பட்டேன்னா...”

“பட்டா அண்ணிக்கு வெயில்னு சொல்லிக்கிறேன்.”

பின்வாசலில் தூறல். முச்சக்கர வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் றஞ்சனாவுக்குக் கண் இருண்டு திரும்பி வந்தது. முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிரேமிளா மற்ற ஓரத்தில், நடுவே ஓர் ஆள் உட்காரக்கூடிய இடைவெளி விட்டு அமர்ந்தாள்.

“ஒங்களுக்காக வரல” என்றாள்.

“நினைக்கேல்ல.”

“ஒங்கள எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது.”

“அதுவும் தெரியும். காலமை சொன்னனீர்.”

வண்டி நகர நெரிசலில் நின்று நின்று போனது. பிரேமிளாவின் கைபேசி அடித்தது. திரையில் “அம்மா”. வெட்டினாள். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினாள்.

“அண்ணன் பொய் சொல்றான்” என்றாள்.

“அது எனக்குத் தெரியாதோ?”

“எனக்கும் தெரியும்னு சொல்றேன். லூப் போட்ட அன்னைக்கு அந்தக் கிளினிக்ல ஒங்க ரெண்டு பேரையும் பாத்தேன். அண்ணன் தொப்பி போட்டு மொகத்த மறைச்சுக்கிட்டு வாங்குல ஒக்காந்திருந்தான். நீங்க பச்சைச் சுடிதார்.”

றஞ்சனா மெல்லத் திரும்பினாள். பெண்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற கிளினிக் அது. அந்தக் காலத்தில் பிரேமிளா பாடசாலைச் சீருடையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பிள்ளை.

“நீர் அங்க என்ன செய்தனீர்?”

பிரேமிளா தன் பக்கத்து மழைத்திரையை இழுத்து விட்டாள். அதன் கொக்கி மாட்டுவதற்குத் தேவைக்கு அதிகமான நேரம் எடுத்தது.

“நம்பர் எடுத்தேன். கூப்பிடுறதுக்கு முந்தி எந்திரிச்சு வந்துட்டேன். ஒங்க ரெண்டு பேர் கண்ணுல பட்டுருவேன்னு.” கொக்கியை விட்டாள். “அதுக்கப்புறம் போகல. வலி வந்தா அம்மா நடிப்புன்னு சொல்லுவாங்க. நானும் நடிப்புன்னே வச்சுக்கிட்டேன்.”

ஒரு வருஷமாக ஒரே வீட்டின் ஒரே மாடியில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள். காலையில் எழுந்து ஒருவரையொருவர் குத்திப் பேசியிருக்கிறார்கள்.

“அந்த டொக்டர் சொன்னாங்கல்ல” என்றாள் பிரேமிளா, “உள்பக்கத்துப் படை வேற எடத்துல வளரும்னு. அது கலியாணம் ஆகாதவங்களுக்கும் வருமா? வந்தா வெளிய சொல்லித்தான் ஆகணுமா? நீங்க உள்ள போறப்போ சும்மா, யாருக்கோங்கிற மாதிரி கேட்டுப் பாருங்களேன்.”

வண்டி ஆஸ்பத்திரி வாசலில் ஓரங்கட்டி நின்றது.

“உமக்காக நான் கேக்கமாட்டன்” என்றாள் றஞ்சனா. “ஒருத்தி எனக்காகக் கதைச்சுத்தான் நான் இந்தக் கோலத்தில வந்து நிக்கிறன். உள்ளுக்கு வந்து நீரே கேளும்.”

கடிதத்தை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி மறுகாலையும் ஊன்றி இறங்கினாள். தூறலில் நின்று, திரும்பிப் பார்த்தாள். பிரேமிளா மழைத்திரைக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கைபேசி மறுபடியும் அடித்தது.

முச்சக்கர வண்டிக்காரர் கண்ணாடியில் பின் சீற்றைப் பார்த்தார்.

“நோனா இறங்குறதா, இல்ல திரும்பிப் போறதா?”